பின்கதவு நீல வாளி

சித்தி கல்லூரி வேலையை விட்டது ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு ஃபோன் செய்தாள்.

"உனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லையே? ரெண்டு கை வேணும், வா."

எனக்கு வேலை எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, மூன்று வாரமாக அவள் வீட்டுப் பின்னறையில்தான் கிடந்தேன்.

நான் போனபோது கல்லூரி வாசலில் நின்றிருந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் குடை, காலடியில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைய மண். நடுவில் இலை பாதி உதிர்ந்த ஒரு குரோட்டன்ஸ் செடி. காவலாளி குந்தி உட்கார்ந்து அந்த மண்ணை ஒரு குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். அவள் ஃபிளாஸ்க்கிலிருந்து பல வருடம் டீ வாங்கிக் குடித்தவர்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. பாக்காம விடக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க."

"நல்லாக் குத்திப் பாருங்க. வேரை மட்டும் விட்டுடுங்க" என்றாள் சித்தி.

மண்ணுக்குள் ஒன்றும் இல்லை. 'வாளி 1, செடி 1' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் வாளி என் மடியில் இருந்தது. சித்தி வழி முழுக்க என்னைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒருத்தி கிளம்பும்போது எடுத்துவருவது ஒரு வாளி மண்ணா? எனக்கு அப்போதே ஏதோ சரியாகப் படவில்லை.

சித்தி அந்தக் கல்லூரியில் லேப் அட்டெண்டர். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, பாக்டீரியா வளர்வதற்கான கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பது, பயன்படுத்திய எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் அவித்துக் கிருமி நீக்குவது. ஆட்டோகிளேவை அவள் 'பெரிய குக்கர்' என்பாள். சந்தேகப்படுவதுதான் அவள் வேலையின் முக்கால்வாசி. பார்க்கச் சுத்தமாக இருப்பது சுத்தம் இல்லை. மூடியிருக்கும் மூடியை யார் மூடினார்கள், எப்போது மூடினார்கள், அதற்கு முன்னால் அந்தக் கை எதைத் தொட்டது என்று கேட்க வேண்டும். குக்கருக்குள் போகும் ஒவ்வொரு கூடையின் மேலும் ஒரு டேப் ஒட்டுவாள். வெளிறிய கோடுகள் போட்ட டேப். உள்ளே சூடு போதுமான அளவு, போதுமான நேரம் இருந்தால்தான் அந்தக் கோடுகள் கறுக்கும். கறுத்த டேப்பைக் கண்ணால் பார்க்காமல் எதையும் கையால் தொட மாட்டாள்.

இந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பாலை இரண்டு முறை முகர்வாள். ஊறுகாய் பாட்டில் மூடியில் பென்சிலால் தேதி எழுதுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான சித்தப்பா, "கல்யாணத்தன்னிக்கு என்னையும் வேகவெச்சுதான் எடுத்துக்கிட்டா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். நான் திரும்பி வந்த முதல் நாளே என் பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரைகளை எண்ணினாள். நான் சொன்ன கணக்கில் இரண்டு நாடு குறைகிறதாம். முத்திரை குத்தாத எல்லைகளும் உண்டு என்றேன். "இருக்கும், இருக்கும்" என்றாளே தவிர நம்பவில்லை.

அவள் வேலை பார்த்த துறையில் வருடா வருடம் ஒரு பாடம் நடக்கும். நாற்பது மாணவிகள். ஆளுக்கொரு சிறு குழாயில் எங்கிருந்தாவது மண் எடுத்துவர வேண்டும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் மண்ணில் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் பாடம். மண்ணைக் கரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டி, அந்த நீரைப் பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றுவார்கள். மறுநாள் தட்டு முழுக்கப் பாக்டீரியா மூடுபனி போலப் படர்ந்திருக்கும். அதில் எங்காவது பொட்டு அளவுக்கு ஓட்டை தெரிந்தால், அங்கே வைரஸ் இருக்கிறது, தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

கண்டுபிடித்தவள் அதற்குப் பெயர் வைக்கலாம். சொந்தப் பெயர் கூடாது, ஆசிரியர் பெயர் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. ஒருமுறை உலகப் பட்டியலில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது. ஒருத்தி தன் பூனையின் பெயரை வைத்தாள். ஒருத்தி 'ஞாயித்துக்கிழமை' என்று வைத்தாள். நான்கு வருடம் முன்பு ஒருத்தியின் தட்டில் பாக்டீரியா மருந்துக்குக்கூட மிச்சமில்லாமல் தின்னப்பட்டிருந்தது. அவள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தாள். துறையின் பெருமை அந்த மாமியார்தான். அதை ஒரு சின்னக் குழாயில் உறையவைத்து ஃப்ரீசரில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி இரண்டு. ஒன்று பேராசிரியையிடம், ஒன்று சித்தியிடம்.

இந்த வருடம் எட்டு வைரஸ்களை வெளியே அனுப்பி, அவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்கினார்கள். அறிக்கை வந்ததும் துறை கலகலத்துப்போனது. எட்டில் மூன்று ஒன்றேதான். அந்த மூன்றும் மாமியாரேதான். மூன்று மாணவிகளும் மண் எடுத்த இடமென்று படிவத்தில் எழுதியிருந்தது மூன்று வேறு இடங்கள்: ஏரிக்கரை, பஸ் நிலையம், அக்கா வீட்டுத் தோட்டம். ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி.

ஆக, யாரோ ஃப்ரீசரைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேராசிரியை முடிவுக்கு வந்தார். அவரைப் பொறுத்தவரை தப்பில்லாத முடிவு. ஒரு சாவி அவர் பையை விட்டு நகரவே இல்லை. விசாரணைக்கு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். சித்தி "நான் தரல" என்றாள். அப்படியானால் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாணவிகளும் படிவத்தில் எழுதியதுதான் உண்மை என்று ஒரே மாதிரி சொன்னார்கள். அடுத்த வாரம் சித்தியின் அலமாரிப் பூட்டை மாற்றினார்கள். ஓய்வறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இவ்வளவையும் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார், அதுவும் பாதிப் பாதியாக.

வாளி மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு மூலைக்குப் போனது. யாரும் தொடக் கூடாது. அதற்கு ஊற்றும் குவளையை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவாள். எனக்குச் சந்தேகம் முற்றியது. சித்தப்பாவுக்கு என்னைவிட அதிகம். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், ஸ்பேனரால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு பேனா மூடி மட்டும் அகப்பட்டிருந்தது. அதை இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"சாதா மூடிதான்" என்றார் சித்தப்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

சித்தி எடுத்துக் கொடுத்திருப்பாளா என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை. பிள்ளைகள் அழுதால் அவளுக்குத் தாங்காது. ஆளுக்கு ஒரு சொட்டு, யாருக்கு நஷ்டம் என்று நினைத்திருக்கலாம். சாப்பிடும்போது அவள் விரல்களைப் பார்ப்பேன். பார்க்கிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டாவது வாரம் எதிர்ச்சாரியில் ஒரு பெண் நிற்க ஆரம்பித்தாள். மூடிக்கிடக்கும் தையல் கடையின் கூரைக்குக் கீழே, தினமும் மாலை ஐந்து மணிக்கு. ரொம்ப உயரம், ரொம்ப ஒல்லி. ஃபோனைப் பார்ப்பது போல நிமிர்ந்து எங்கள் பால்கனியைப் பார்ப்பாள். பேராசிரியை அனுப்பிய வேவுக்காரி என்று நான் தீர்மானித்துவிட்டேன். மூன்றாம் நாள் இறங்கிப் போனேன்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லக்கா. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"இந்தத் தெருவுல பஸ்ஸே வராதே."

அவள் முகம் சிவந்தது. கிளம்பப் போனவள் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "வாளிய அவங்க கொட்டிட்டாங்களா?"

"எந்த வாளி?" என்றேன், வேண்டுமென்றே.

அவள் விறுவிறுவென்று நடந்து முனையில் திரும்பிவிட்டாள்.

மேலே வந்தேன். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால், சித்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் வாளி, ஒரு பக்கம் வீட்டுக் குக்கர். கரண்டியால் வாளி மண்ணை அள்ளிக் குக்கருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கீழ ஒரு பொண்ணு நின்னா."

"ஒட்டடைக்கம்பு. மூணு நாளா நிக்கறா, தெரியும்."

தட்டில் மாமியார் வந்த அந்த மூன்று மாணவிகளில் அவள் ஒருத்தி. லேப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் குக்கரைத் தள்ளிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இனி எழுந்திருக்க மாட்டேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தாள்.

லேப்பின் பின்கதவுக்கு வெளியே அந்த வாளி பதினைந்து வருடமாக இருந்தது. அவித்து ஆறிய குடுவை நீரை அவள் அதில்தான் ஊற்றுவாள், செடிக்கு நல்லது. பாடம் தொடங்கும் நாளில், எட்டே முக்காலுக்கு, ஒன்றிரண்டு பேராவது காலிக் குழாயோடு வந்து நிற்பார்கள். மண் எடுத்துவர மறந்துவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் கொட்டிவிட்டது, இப்படி. மண் இல்லாதவளைப் பேராசிரியை உள்ளே விட மாட்டார். சித்தி பின்கதவைத் திறந்து வாளியைக் காட்டுவாள். ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். படிவத்தில் இடத்தை மட்டும் மனதில் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்கள். மண் என்றால் மண்தானே என்றுதான் சித்தியும் நினைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் இருபது பேருக்கு மேல் இருக்கலாம் என்றாள். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு வைரஸைத்தான் படிக்க அனுப்புவார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"சரி. மாமியார் எப்படி வாளிக்குள்ள வந்தா?"

சித்தி எழுந்து உள்ளே போய், அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்துவந்தாள். லேப்பில் பெரிய குக்கர் போட்ட நாள், நேரம் எல்லாம் எழுதிய அவளுடைய சொந்த நோட்டு. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் விரல் நீளத்துக்கு டேப் ஒட்டியிருந்தது. கோடுகள் வெளிறியே இருந்தன.

அன்றைக்குப் பாதியில் கரண்ட் போய் வந்திருக்கிறது. அவள் திரும்பி வந்து பார்த்தபோது பெரிய குக்கரின் அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நின்றது. உண்மையில் அது அங்கே சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. கூடையை எடுத்தாள், மாமியார் குடுவை உட்பட எல்லாவற்றையும் வழக்கம்போல வாளியில் ஊற்றினாள். கூடையைக் கழுவும்போதுதான் டேப்பைப் பார்த்தாள்.

"எதையும் நம்பாதவ நான். அன்னிக்கு முள்ள நம்பிட்டேன்" என்றாள்.

அப்போதே யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாளி மண்தானே, செடிதானே என்று விட்டுவிட்டாள். குடுவையில் வைரஸ் மட்டும் இல்லை, அதன் சாப்பாடான பாக்டீரியாவும் இருந்தது. இரண்டும் மண்ணில் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

இப்போதே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேராசிரியையிடம் சொல்வோம் என்றேன். அவள் குக்கரை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போய்ச் சொல்லு. மண் படிவத்துல பொய் எழுதினா பாடமே ரத்து. முன்னாடி ஒருத்திக்கு அப்படி ஒரு வருஷம் போச்சு, நானே பாத்தேன். இவங்க மூணு பேருக்கும் இன்னும் ஒண்ணரை வருஷம் படிப்பு இருக்கு. எனக்கென்ன, பரீட்சையா இருக்கு?"

"அவங்களுக்காகத்தான் பேசாம இருக்கீங்களா, இல்ல இந்த டேப்புக்காகவா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். சித்தி நோட்டை மூடினாள்.

"ரெண்டுக்கும்தான்."

கல்லூரியிலேயே வாளியை விட்டுவந்தால் அடுத்த வருடமும் எவளாவது ஸ்பூனோடு வருவாள். எங்கே கொட்டினாலும் அது அங்கே இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"இதையும் வேகவெச்சுட்டா, நாளைக்கு நீங்களே வாயத் தொறந்து சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றேன்.

சந்தேகம் என்ற பாஷையில் சொன்னால் சித்திக்கு உடனே புரியும். குக்கரில் போட்ட மண்ணைக் கரண்டி கரண்டியாக வாளிக்குத் திருப்பினாள். வாளியின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பென்சிலால் தேதி எழுதினாள். ஒன்றரை வருடம் கழியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வாங்கிய பிறகும் நம்பவில்லை. அன்றிலிருந்து நான் ஃபோனை எடுத்தால் பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

அவளுக்கு வேறு வேலை எளிதில் அமையவில்லை. கல்லூரி கொடுத்த சான்றிதழில் எத்தனை வருடம் வேலை பார்த்தாள் என்பது இருந்தது. நடத்தை என்ற இடம் வெறுமனே இருந்தது. அந்த வெற்றிடத்தைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. இரண்டு மருத்துவமனைகள் யோசித்துச் சொல்கிறோம் என்றன. கடைசியில் ஒரு பல் மருத்துவர் கருவிகளைக் கழுவி அவிக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அங்கே எல்லாம் தந்தார், அலமாரிச் சாவியை மட்டும் தரவில்லை. வேண்டும்போது வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டு வாங்கி, கையோடு திருப்பித் தர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. சித்தி இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும்போது, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம் புதிதாக வந்தது.

ஒன்றரை வருடம் போனது. மூவரும் படிப்பை முடித்திருப்பார்கள். இப்போதாவது சொல்லலாமே என்றேன். யாரிடம் போய் நிற்பது, போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று ஏதேதோ சொன்னாள். டேப்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. நான் மறுபடி பையை மாட்டிக்கொண்டு எட்டு மாதம் எங்கோ இருந்துவிட்டு வந்தேன். செடி இரண்டடி உயர்ந்திருந்தது. விளிம்பில் பென்சில் தேதி அழிந்து, மேலே புதிதாக எழுதியிருந்தது.

அவள் வேலையை விட்டு இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், தெரியாத எண்ணிலிருந்து சித்தியின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. முதலில் ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனாள். சித்தப்பா தடுத்தார். கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீதானே எழுதச் சொன்னே?" என்றாள். இல்லை என்று சொல்லியும் என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை என்றானதும், சத்தமே இல்லாமல் அலமாரியைத் திறந்து அந்த அட்டை கிழிந்த நோட்டை எடுத்தாள். டேப் இருந்த பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஃபோனை வைத்து, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

"அக்கா, நான் ஒட்டடைக்கம்பு. இப்ப வேற ஊர்ல ஒரு லேப்ல வேலை பாக்கறேன். பழைய அறிக்கைய எடுத்து நிதானமாப் படிச்சேன். எங்க மூணு பேரோட வைரஸும் ஃப்ரீசர்ல இருந்த மாமியாரும் அப்படியே ஒண்ணு இல்லக்கா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு எழுத்து மாறியிருக்கு. உறைஞ்சு கிடக்கறது மாறாது. வெளிய உயிரோட பெருகினாத்தான் மாறும். அப்ப யாரும் அதைக் கவனிக்கல, எல்லாரும் சாவியையே பாத்துட்டு இருந்தாங்க. நாங்க மூணு பேரும் மண்ணு வாளியிலதான் எடுத்தோம்னு எழுதிக் கையெழுத்து போட்டு மேடத்துக்கு அனுப்பிட்டோம். எங்களுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். வாளி மண்ணை அவங்களே சோதிச்சுப் பாக்கணும்னு சொல்றாங்க. அன்னிக்கு கீழ நின்னப்ப பால்கனியில செடி மட்டும் தெரிஞ்சுது, இன்னும் மண்ணோட வெச்சிருப்பீங்கன்னு நம்பறேன். அது வாளிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு மட்டும் எங்களுக்குப் புரியல. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. உலகப் பட்டியல்ல மண் எடுத்த இடத்தைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கேன்: லேப் பின்கதவு, நீல வாளி. மண்ணைக் கொடுத்தவங்க பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. இத்தனை வருஷம் அக்கான்னே கூப்பிட்டதுல உங்க முழுப் பேர் எங்க யாருக்கும் தெரியல. எழுத்துப் பிழை இல்லாம எழுதி அனுப்புங்க அக்கா."